ஒரு கைக்கு ஏற்ற வேலை

அத்தியாயம் 11

கனவில் அவள் அப்பா டேனிஷ் பேசினார்.

போஸ்னியாவை விட்டு ஒரு நாளும் வெளியே போகாத மனிதர். இறந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஆனால் கனவில் அந்த வழுக்கும் உயிரெழுத்துகள் ஒன்றுகூடப் பிசகாமல், "இன்னிக்கு உனக்கு எத்தனை மணிக்கு ஷிஃப்ட்?" என்று கேட்டார். செனாடா பதில் சொல்ல வாயெடுத்தாள். எந்த மொழியில் சொல்வது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே விழிப்பு வந்துவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே உலகம் இல்லை. கடற்கழியிலிருந்து ஏறிவந்த மூடுபனி செடிவேலியையும் கொடிக்கம்பங்களையும் பக்கத்துத் தோட்டங்களையும் விழுங்கிவிட்டு, ஒரே ஒரு ஆப்பிள் மரத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது. அதுவும் பூத்து நின்றதால் எது பனி, எது பூ என்று பிரிக்க முடியவில்லை.

எட்டு வருஷம் தோட்டச் சங்கத்தின் வரிசையில் காத்திருந்து, போன மாதம்தான் இந்த நாற்பத்தேழாம் எண் தோட்டம் அவர்கள் கைக்கு வந்தது. ஒரு அறை, ஒரு வராந்தா, நாலு மரம். கோடை முழுக்க இங்கே தங்கலாம். குளிர் வந்தால் அந்த நாலு மாடிக் குடியிருப்புக்கே திரும்ப வேண்டும். அந்தக் குடியிருப்புக்கும் நாள் குறித்தாயிற்று. 'வெளிநாட்டு வேர் உள்ளவர்கள் அதிகம்' என்ற அரசாங்கப் பட்டியலில் விழுந்துவிட்டது. அடுத்த வருஷம் பாதியை இடிக்கப்போகிறார்கள். செனாடாவின் தம்பி ஃபெரித், மனைவி பிரிந்து போனபின் தனியாக, அங்கேதான் நாலாவது மாடியில் இருக்கிறான்.

வராந்தாவில் செம்புக் குவளை சிணுங்கும் சத்தம் கேட்டது. காபி வாசனை வந்தது.

கணவன் மிர்சாத் அவளுக்கு முன்னாலேயே எழுந்து, முகம் மழித்து, நல்ல சட்டை போட்டிருந்தான்.

"வேலை செய்யற நாளுக்கு யாராவது இஸ்திரி போட்ட சட்டை போடுவாங்களா?" என்றாள் செனாடா.

"முதல் நாள் இல்லியா. எல்லாரும் பாப்பாங்க."

சங்கத்து வேலை நாள். வருஷத்துக்கு இரண்டு சனிக்கிழமை, ஒவ்வொரு தோட்டத்துக்காரரும் வந்து பாதையைச் சரிசெய்யணும், வேலி வெட்டணும். ஒரு வாரமாக மிர்சாத்துக்கு இதே பேச்சு.

"தோள் எப்படி இருக்கு?"

"இருக்கு." இடது கையால் காபியை ஊற்றினான். வலது கை மடியில் கிடந்தது. "செனா, இவங்க யாருக்கும் தெரியாது. பென்ஷன்ல இருக்கேன்னுதான் சொல்லியிருக்கேன். ஏன்னு சொல்லல. வயசாயிடுச்சுன்னு நினைச்சுக்கட்டும்."

பன்றிக்கறியை வாயில் வைக்காத மனிதன், இருபத்திரண்டு வருஷம் பன்றிகளைக் கொக்கியில் மாட்டியே வலது தோளைத் தொலைத்தான். இதை அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். ஆனால் வீட்டுக்குள் மட்டும்.

"அப்ப முடியாதுன்னு சொல்லிடேன்," என்றாள்.

"முதல் நாளே உட்கார்ந்தா என்ன பேசுவாங்க? 'வந்துட்டான் பாரு, இங்கேயும் உட்கார்ந்து சாப்பிட'ன்னு பேசுவாங்க. நான் கேட்காத பேச்சா?"

அவளும் கேட்டிருக்கிறாள். நகராட்சிக்காக வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டும் வேலை அவளுடையது. துண்டால் முதுகைத் துடைத்துவிடும்போதே, "நீ நல்லவ. மத்தவங்கதான் நம்ம வரிப்பணத்துல உட்கார்ந்து சாப்பிடறாங்க" என்பார்கள். மத்தவங்க யார் என்று அவள் கேட்டதில்லை.

பனிக்குள்ளிருந்து சைக்கிள் மணி கேட்டது.

அம்ராதான். இருபத்தொன்பது வயது, ஒரே மகள், நகராட்சி ஆபீசில் வேலை. நேற்று சாயங்காலம் முழுக்க அவள் போன் எடுக்கவில்லை. இன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவதாகத்தான் பேச்சு. எட்டரை மணிக்கே வந்து நிற்கிறாள். கண்கள் வீங்கியிருந்தன.

"என்னடா, தூங்கலியா?" என்றான் மிர்சாத். மகளை அவன் எப்போதும் மகன்போலத்தான் கூப்பிடுவான். அவர்கள் ஊரில் அப்பாக்கள் எல்லோருக்கும் அது பழக்கம்.

"பாபோ, இன்னிக்கு நீங்க எதையும் தூக்கக் கூடாது."

"காலை வணக்கம்னு ஒண்ணு உண்டு."

"காலை வணக்கம். எதையும் தூக்கக் கூடாது. உங்க வேலைய நான் செய்யறேன்."

மிர்சாத் சிரித்தான். செனாடா சிரிக்கவில்லை. மகள் அப்பாவிடம் பேசுகிறாள், ஆனால் கண் வேலிப்பக்கம் போய்ப்போய் வருகிறது. யாரோ அங்கே நின்று பார்ப்பதுபோல.

"அம்ரா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல அம்மா. காபி இருக்கா?"

*

பொதுக் கொட்டகைக்குப் போகும் பாதையில் மனிதர்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக முளைத்தார்கள். முதலில் ஒரு மண்வெட்டி தெரியும், அப்புறம் ஒரு தொப்பி, கடைசியில் முகம். எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள், தூங்கும் குழந்தை பக்கத்தில் இருப்பதுபோல.

சங்கத் தலைவி விபேக்கே பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தக் குரலைப் பனியாலும் அமுக்க முடியவில்லை.

"நாற்பத்தேழுலேர்ந்து மூணு பேர். பாருங்க எல்லாரும். இதுக்கு முன்னாடி அந்தத் தோட்டத்துல இருந்தவங்க மூணு வருஷம் தலையே காட்டல."

"மூணு பேர் வந்தா ஆச்சா? மூணு பேரும் வேலை செய்யணும்," என்றான் ஒரு கனத்த ஆள். ஃப்ளெமிங். லாரி ஓட்டுகிறவன். முப்பத்தொன்பதாம் எண்.

சிலர் சிரித்தார்கள். மிர்சாத்தும் சிரித்தான்.

விபேக்கே பட்டியலைப் படித்தாள். செனாடாவுக்குச் சாப்பாட்டு மேசை. ஃப்ளெமிங்குக்கு வாசல் கேட்டுக்குப் பச்சை பெயின்ட். மிர்சாத்துக்குச் சரளைக்கல்: வாசலில் கொட்டிவைத்திருக்கும் குவியலை ஒற்றைச் சக்கர வண்டியில் அள்ளி, பாதை நெடுக நிரவ வேண்டும்.

"அந்த வண்டிய நான் தள்றேன்," என்றாள் அம்ரா உடனே. "அப்பாவுக்குப் பதிலா."

"ஓகோ," என்றான் ஃப்ளெமிங். "பொண்ணு வண்டி தள்ளும், அப்பா காபி குடிப்பாரு. உங்க பக்கத்து வழக்கம் அப்படியா?"

விளையாட்டாகத்தான் சொன்னான். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள்.

மிர்சாத் போய் வண்டிப் பிடியைப் பற்றினான். யாரோ இரண்டு பேர் மண்வெட்டியால் சரளையை அள்ளி நிரப்பினார்கள். கல் தகரத்தில் விழும் சத்தம் ஒவ்வொன்றும் செனாடாவின் பல்லில் வந்து இறங்கியது. வண்டி நிறைந்தது. மிர்சாத் மூச்சை இழுத்துக்கொண்டான்.

அம்ரா போய் சக்கரத்துக்கு முன்னால் நின்றாள்.

"நகருடா," என்றான், வீட்டு மொழியில்.

"வேண்டாம் பாபோ."

"இத்தனை பேர் பாக்கறாங்க."

"பாக்கறாங்கன்னுதான் சொல்றேன்."

மிர்சாத் தலை நிமிர்ந்து மகளைப் பார்த்தான். செனாடாவும் பார்த்தாள்.

"ஆபீஸ் விஷயமா?" அவன் குரல் இறங்கிவிட்டது.

அம்ரா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண் மட்டும் நிறைந்துகொண்டே வந்தது.

கேட்கக் கூடாத கேள்விகள் நிறைந்த ஒரு காலத்தில் வாலிபனாக இருந்தவன் மிர்சாத். அந்த மௌனத்தைப் படிக்க அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"நீ எதுவும் சொல்ல வேண்டாம்," என்றான் மெல்ல. "புரியுது. நீ சொல்ல வேண்டாம்."

வண்டியை இறக்கி வைத்தான். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். பிறகு எல்லோரும் கேட்கிறபடி, தன் உடைசல் டேனிஷில் பேசினான்.

"என்னால இதைத் தள்ள முடியாது. வலது தோள் போயிடுச்சு. இறைச்சித் தொழிற்சாலையில இருபத்திரண்டு வருஷம். ரெண்டு ஆபரேஷன். அதுக்குத்தான் பென்ஷன் வாங்கறேன். வயசுக்காக இல்ல. உங்ககிட்ட சொல்லாம விட்டது என் தப்பு. ஒரு கைக்கு ஏத்த மாதிரி வேலை இருந்தா குடுங்க, நாள் பூரா செய்யறேன்."

ஒரு புறா எங்கேயோ அடித்தொண்டையில் கூவியது. செனாடாவுக்குத் தன் கணவன் அத்தனை பேர் நடுவே சட்டையைக் கழற்றிவிட்டு நிற்பதுபோல இருந்தது. முப்பது வருஷத்தில் அவன் எந்த டேனிஷ்காரரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. டாக்டரிடம்கூட அவள்தான் சொன்னாள்.

விபேக்கே பட்டியலைப் புரட்டினாள். "ஒரு கைன்னா பெயின்ட்தான் இருக்கு. ஆனா அது ஃப்ளெமிங்குக்கு."

"நான் வண்டி தள்ள மாட்டேன்," என்றான் ஃப்ளெமிங். முகம் சிவந்திருந்தது. "என் முட்டி ரெண்டும் போச்சு. குனியவே முடியாது. அதனாலதான் பெயின்ட் கேட்டு வாங்கினேன்."

"அப்ப கேட்டோட மேல்பாதி உங்களுக்கு," என்றாள் விபேக்கே. "கீழ்பாதி மிர்சாத்துக்கு. இந்தப் பொண்ணும் நானும் வண்டி தள்றோம். ஆச்சா? கிளம்புங்க. பனி விலகினதும் வேலி வெட்டணும்."

*

பத்து மணிவாக்கில் பனி பால்போல ஆனது. பதினொன்றுக்கு அதற்குள் யாரோ விளக்கு வைத்ததுபோல மஞ்சளாயிற்று. செனாடா மேசைமேல் தட்டுகளை வைத்தபடி தூரத்திலிருந்து கேட்டைப் பார்த்தாள். ஒரு கனத்த உருவம் நின்றபடி மேலே பூசியது. ஒரு மெலிந்த உருவம் புல்லில் உட்கார்ந்து, இடது கையால் கீழே பூசியது. மேலிருப்பவன் கையை உயர்த்தியபடி, கீழிருப்பவன் கையைத் தாழ்த்தியபடி. இரண்டு பேரும் பேசினார்களா என்று தெரியவில்லை. ஒருமுறை மட்டும் ஃப்ளெமிங்கின் குரல் வந்தது: "கீழ சொட்டுது பாருங்க." பதிலுக்கு மிர்சாத்: "மேலேர்ந்துதான் சொட்டுது."

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் நீள மேசையில் உட்கார்ந்தார்கள். கறுப்பு ரொட்டி, ஊறவைத்த மீன், பீர். செனாடா கீரை அடைத்துச் சுருட்டிச் சுட்ட பீட்டாவை நடுவில் வைத்தாள். ஃப்ளெமிங் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு துண்டு எடுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் மென்றான்.

"உங்காளுக்கு எத்தனை தடவை கேட்டு பென்ஷன் குடுத்தாங்க?"

"நாலு வருஷம் ஆச்சு," என்றாள். "ஒரு இடத்துல உட்கார வெச்சு ஆணி பொறுக்கச் சொல்லி சோதிச்சாங்க. அப்புறம் இன்னொரு இடம். தூங்கும்போது எப்படி வலிக்குதுன்னு என்னைக் கேட்டு எழுதிக்கிட்டாங்க."

"எனக்கு மூணு தடவை இல்லைன்னுட்டாங்க. அறுபத்திமூணு வயசு. தினம் காலையில லாரில ஏற ரெண்டு கையாலயும் காலைத் தூக்கி வெக்கறேன்." அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். "அதான் காலையில வாய் தவறிடுச்சு. அவர்மேல கோபம் இல்ல. யார்மேலன்னு தெரியல."

"தெரியுது," என்றாள் செனாடா.

"எங்க அம்மாவுக்குத் தொண்ணூறு. வாரத்துக்கு ஒரு தடவைதான் குளிப்பாட்ட ஆள் வருது. அதுவும் ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள். எல்லாம் வெளியாளுங்க. அம்மா பேர் ஞாபகம் வெச்சுக்கறதுக்குள்ள ஆள் மாறிடுது."

"அந்த வேற ஆள்ல நானும் ஒருத்தி."

ஃப்ளெமிங் மெல்வதை நிறுத்தினான். "எங்க அம்மா வீட்டுக்கா?"

"இல்ல. வேற அம்மாக்கள் வீட்டுக்கு. ஒருத்தருக்கு இருபது நிமிஷம். எங்களுக்கும் பேர் ஞாபகம் வெச்சுக்க ஆசைதான்."

அவன் தலையசைத்தான். "இது நல்லா இருக்கு" என்று மூன்றாவது துண்டை எடுத்தான்.

மேசையின் மறுகோடியில் அம்ரா ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

*

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. பனி முழுக்க விலகி, ஒவ்வொரு கொடிக்கம்பத்திலும் சிவப்பு வெள்ளைக் கொடி சோம்பலாகத் தொங்கியது. வராந்தாப் படியில் உட்கார்ந்து மிர்சாத் போனை எடுத்தான். அரசாங்கத் தபால் எல்லாம் அதில்தான் வரும். எப்போதும் அம்ராதான் படித்துச் சொல்வாள். இன்று அவளிடம் கொடுக்காமல், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அவனே படித்தான். உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக.

அம்ரா புல்லில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளால் அதைப் பார்க்கவும் முடியவில்லை, போய்விடவும் முடியவில்லை.

"நேத்து மத்தியானம் வந்திருக்கு," என்றான் கடைசியில். "நான் பளு தூக்கறதா யாரோ தகவல் குடுத்திருக்காங்களாம். படத்தோட. பென்ஷனை மறுபடி பரிசீலிக்கணுமா வேண்டாமான்னு பாக்கறாங்களாம். ரெண்டு வாரத்துல பதில் சொல்லணும்."

"இப்ப நான் பேசலாம்," என்றாள் அம்ரா திரும்பாமலே. "நேத்து காலையில தபால் பிரிக்கற முறை எனக்கு. உங்க பேர் வந்தது. உடனே மேலாளர்கிட்ட குடுத்து, இது எங்க அப்பா, நான் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். வீட்டுல மூச்சு விடக் கூடாதுன்னாங்க. சரின்னேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா இன்னிக்கு உங்கள நிறுத்திட்டேன். அதுவும் சொன்ன மாதிரிதான். திங்கக்கிழமை நானே போய் சொல்லப் போறேன்."

"எதுக்குடா? நீ ஒரு வார்த்தை பேசலியே."

"பேசாமலே சொன்னேன் பாபோ."

மிர்சாத் போனைச் செனாடாவிடம் நீட்டினான். "படத்தைப் பாரு. வேலிக்கு மேல எட்டிப் பாத்து எடுத்திருக்கான். யாருன்னு எனக்குத் தெரியும். பென்ஷன் மூணு தடவை கிடைக்கலைன்னு கேட் பக்கத்துல நின்னு என்கிட்டயே சொன்னானே. ஒரே டப்பாவுல பிரஷ்ஷை முக்கிக்கிட்டு, என் முகத்தைப் பாத்து."

செனாடா கண்ணாடியைத் தேடி எடுத்துப் படத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்குப் பின்னால், புதுக் கல்லடுப்பு. அதற்குப் பக்கத்தில் மிர்சாத் ஒரு பெரிய கல்லை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறான். மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை.

வேலியிலிருந்து அந்த அடுப்பு தெரியாது. லைலாக் புதர் மறைக்கும். படம் சமையல் மூலையின் ஜன்னலிலிருந்து எடுத்தது; ஓரத்தில் ஜன்னல் சட்டமும் அதில் அவள் காயப்போட்ட நீலத் துணியின் நுனியும் விழுந்திருக்கின்றன. எடுத்தது அவள். அதை அனுப்பியதும் ஒரே ஒருவனுக்குத்தான்.

காலைக் கனவு முடியவில்லையோ என்று ஒரு கணம் தோன்றியது.

"நான் போய் அவன்கிட்ட கேக்கப் போறேன்," என்று மிர்சாத் எழுந்தான்.

"ஃப்ளெமிங் இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் வாய் திறந்தாள். தம்பியின் பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது.

"எனக்குத் தெரியும். அவன் இல்ல. நான் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் பேசாதே, மிர்சாத். ஒரு மணி நேரம்."

அம்ரா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். படத்தை அவளும் பார்த்திருக்கிறாள். நீலத் துணியையும்.

*

சைக்கிளில் இருபது நிமிஷம். கடுகுப் பூ வயல் இரண்டு பக்கமும் மஞ்சளாக ஓடியது. அவள் மிதிப்பதாகவே தோன்றவில்லை. பாதைதான் அவளுக்குக் கீழே பின்னோக்கி வழிந்துகொண்டிருந்தது. சொந்த ஊரில் ஏழு வயது ஃபெரித் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்தது, இந்த ஊருக்கு வந்த புதிதில் பேருந்து நிறுத்தத்தின் பெயரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துச் சிரித்தது, எல்லாம் வயலுக்குள்ளிருந்து எழுந்து எழுந்து மறைந்தன.

குடியிருப்பில் பாதி ஜன்னல்கள் பலகை அடித்திருந்தன. காலியான வீடுகள். நாலாவது மாடியில் மணி அடித்தாள்.

ஃபெரித் கதவைத் திறந்தான். ஐம்பத்திரண்டு வயதுக்கு முதுகு அதிகமாகவே வளைந்திருந்தது. நகராட்சி கொடுத்த மஞ்சள் மேலங்கி நாற்காலியில் தொங்கியது. வாங்குகிற உதவித்தொகைக்கு ஈடாக வாரம் முழுக்க அதை மாட்டிக்கொண்டு பூங்காவில் குப்பை பொறுக்குகிறான்.

"அக்கா. உட்காரு. காபி போடறேன்."

"மிர்சாத் படத்தை யாருக்கு அனுப்பின?"

அவன் கையில் குவளை இருந்தது. அதைக் குழாய்க்குக் கீழே பிடித்தான். தண்ணீர் நிறைந்து வழிந்தது. மூடவில்லை.

"அனுப்பல," என்றான். "காட்டினேன்."

செனாடா போய்க் குழாயை மூடினாள்.

"என் கேஸைப் பாக்கற ஆபீஸ் அம்மாகிட்ட. முதுகுல டிஸ்க் நழுவியிருக்கு, குனிய முடியலன்னு சொன்னேன். மூணு வருஷமா சொல்றேன். அவ கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே தலையாட்டுவா. எனக்குக் கோபம் வந்துடுச்சு. 'கல்லு தூக்கறவனுக்குப் பென்ஷன் குடுக்கறீங்க, தூக்க முடியாதவனைக் குப்பை பொறுக்க அனுப்பறீங்க'ன்னு படத்தைக் காட்டினேன். அவ என் பக்கம் திரும்பினா. முதல் தடவையா முழுசா திரும்பி என் முகத்தைப் பாத்தா. 'யார் இது?'ன்னு கேட்டா." அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "அக்கா, மூணு வருஷத்துல முதல் தடவையா ஒருத்தர் நான் சொல்றதைக் கேட்டாங்க. பேரைச் சொல்லிட்டேன். படத்தை அனுப்பச் சொன்னா. அனுப்பிட்டேன்."

"அவர் ஒரு கல்லுகூடத் தூக்கல. உனக்கே தெரியும்."

"தெரியும். அத்தனை கல்லையும் தூக்கினது நான். உடைஞ்ச முதுகோட. அவர் கடைசிக் கல்லை மட்டும் எடுத்தாரு, நீ படம் எடுக்கணும்னு சொன்னதால."

"அப்புறம் பத்து நாள் கையைத் தூக்க முடியாம கிடந்தாரு."

"எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல." ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "படத்துல நான் இல்ல அக்கா."

அப்போதுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலிலிருந்து அவள்தான் சொன்னாள்: ஃபெரித், கொஞ்சம் தள்ளி நில்லு, மறைக்கற. அவனும் தள்ளி நின்றான். மண்படிந்த கையோடு, சிரித்துக்கொண்டு, படத்துக்கு வெளியே.

அவளுக்கு அவனை அறையவேண்டும் போலவும் இருந்தது, அவன் தலையைப் பிடித்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"அம்ரா வேலைக்கும் இதனால என்ன ஆகுமோ தெரியாது," என்றாள். "மிர்சாத் அந்த லாரிக்காரர் மேல சந்தேகப்படறாரு. அந்த மனுஷன் ஒண்ணும் பண்ணல."

ஃபெரித் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"நாளைக்கு முதல் தடவையா அடுப்பு பத்த வைக்கறோம், வான்னு அத்தான் கூப்பிட்டிருக்காரு. என்னால எப்படி வர முடியும்?"

"நாளைக்கு இல்ல. இப்ப வா. நீயே உன் வாயால சொல்லு. நான் சொன்னா அது கோள். நீ சொன்னா அது வேற."

"அவர் என்னைக் கொன்னுடுவாரு."

"ஒரு கையால எப்படிக் கொல்லுவாரு?" என்றாள். அவள் சிரிக்க நினைக்கவில்லை. ஆனால் இரண்டு பேர் உதட்டிலும் ஏதோ ஒன்று வந்து போனது.

"நீ கீழ போ," என்றான் ஃபெரித். "சட்டை மாத்திக்கிட்டு வரேன்."

கீழே வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்பெல்லாம் இந்த நேரத்துக்கு இந்தப் படிக்கட்டில் பத்து வீட்டுச் சமையல் வாசனை வரும். இன்று சுண்ணாம்பு வாசனை மட்டும் வந்தது. மேலே கதவு சாத்தும் சத்தம். காலடிகள் இறங்கத் தொடங்கின. நாலாவது மாடி, மூன்றாவது மாடி. மெதுவாக, முதுகு வலிக்கிறவனின் நடை.

பையில் போன் நடுங்கியது. மிர்சாத்தின் செய்தி: 'ஒரு மணி நேரம் ஆச்சு. நான் முப்பத்தொன்பதுக்குப் போறேன், ஃப்ளெமிங்கைப் பாக்க.'

உடனே அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை.

படிக்கட்டில் காலடி இரண்டாவது மாடியில் வந்து நின்றுவிட்டது.

"ஃபெரித்," என்று கூப்பிட்டாள். காலி வீடுகள் அந்தப் பெயரை வாங்கிவைத்துக்கொண்டன.

மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை, அம்மா கூப்பிடுகிற மாதிரி, "ஃபெரோ."

மேலே ஒரு காலடி கேட்டது. ஒன்றே ஒன்று. இறங்கியதா, ஏறியதா என்று அவளுக்குத் தெரியவில்லை.